மூணாவது கூப்பாடு

சைரன் முதல் தடவை என் பேரைக் கூப்பிட்டுட்டான். மயாலா, ஒனொரே மயாலா, இடியைப் பெத்த அப்பன், எங்கய்யா போனேன்னு கச்சேரித் திடல் சுவருக்கு அந்தப் பக்கம் மைக்கைக் கடிச்சுத் துப்புற மாதிரி கத்துறான், ஜனமும் கூடவே கத்துது. நான் இங்க காருக்குள்ள கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, ரோமக் காலர் வெச்ச தோல் கோட்டுக்குள்ள வெந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். கின்ஷாசாவுல ஞாயித்துக்கிழமை மத்தியான வெயில்ல தோல் கோட்டுப் போடுறவன் ஒண்ணு பைத்தியக்காரனா இருக்கணும், இல்ல பாடகனா இருக்கணும். ஏசி போடாதேன்னு டிரைவர் கபேயாகிட்ட நான்தான் சொன்னேன், தொண்டைக்கு ஆகாது. அவன் என்னமோ எனக்கு உபகாரம் பண்ற மாதிரி தலையை ஆட்டிட்டு கண்ணாடியில என்னையே பாக்குறான். நான் பாத்தா கண்ணை எடுத்துடுறான். இவனும் சேர்ந்துட்டானா? இருக்கும். யாரையும் விடறதுக்கில்லை இப்ப. எங்க ஊர்ல குழுத்தலைவன் கச்சேரிக்கு முதல்ல வந்து நிக்க மாட்டான். சின்னவங்க ஏறுவாங்க, அவங்கவங்க பாட்டைப் பாடிக் கூட்டத்தைச் சூடாக்குவாங்க, தலைவன் வெளிய கார்லயே இருப்பான். சைரன்தான் எங்க அறிவிப்பாளன், பேர் சொல்லிக் கத்துறதே அவன் வேலை, அவன் மூணு தடவை கூப்பிடணும். முதல் ரெண்டுக்கு அசையக் கூடாது, அசைஞ்சா மரியாதை போச்சு. மூணாவதுக்கு பெரிய கித்தார் என் பாட்டை எடுக்கும், நான் சுவருக்கு வெளிய நின்னுக்கிட்டே என் கூவலை விடணும். ஆளுக்கு முன்னாடி குரல் உள்ள போகணும். அப்புறம்தான் மயாலா கேட்டைத் தாண்டி வருவான், பொம்பளைங்க நாற்காலி மேல ஏறுவாங்க. அதுக்குத்தான் இந்தக் கம்பியில்லாத மைக்கு, மடியில கெடக்கு. ஆனா இன்னிக்கு நான் மூணாவது கூப்பாட்டுக்குப் போகப் போறதில்லை. உட்கார்ந்தே இருக்கப் போறேன். என்னதான் பண்றாங்கன்னு பாத்துடுவோம்.

என்ன பண்ணுவாங்க? செலெஸ்தினை முன்னாடி தள்ளுவாங்க. வேறென்ன. அதுக்குத்தான எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கானுங்க. செலெஸ்தின் என்னோட ரெண்டாம் பாடகன், இடது பக்கம் அரையடி பின்னால நிப்பான், ஒல்லிக்குச்சி, சாமியார் மாதிரி மூஞ்சி. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டான். பேசாதவனைத்தான் நம்பக் கூடாது. மேடையில அவன் கூட்டத்தைப் பாக்க மாட்டான், கித்தார்க்காரனைப் பாக்க மாட்டான், என்னையே பாப்பான், எனக்குக் கடைக்கண்ணுல தெரியும். எம் மூஞ்சியைக் கூட இல்ல, தாடையை, கழுத்தை. சந்தையில கறிக்கடைக்காரன் ஆட்டைப் பாப்பானே, எங்க கத்தி வெக்கலாம்னு, அப்படி. என்னடா பாக்குறேன்னு ஒரு நாள் கேட்டுட்டேன். ஒண்ணுமில்ல யா, கத்துக்குறேன்னான். யான்னா அண்ணன். ஊர்ல எல்லாரும் எனக்கு யா மயாலாதான், ஆனா இவன் சொல்றப்ப மட்டும் அந்த யாவுல என்னமோ ஒளிஞ்சிருக்கு. கத்துக்குறானாம். இத்தனை வருஷம் கழிச்சு என்னத்தைக் கத்துக்குறே? போன வாரம் ஒத்திகைக்கு நான் கொஞ்சம் சீக்கிரமாப் போயிட்டேன். எல்லாரும் அவனைச் சுத்தி உட்கார்ந்திருந்தாங்க, சவுண்டுக்காரன் ரொமேன் உட்பட. நான் காலை வெச்சதும் கப்புனு நின்னுடுச்சு பேச்சு. ரொமேன் ஒரு ஒயரை எடுத்து ரொம்ப அக்கறையா சுத்த ஆரம்பிச்சான். அந்த ஒயர் ஏற்கனவே சுத்தித்தான் இருந்துச்சு. நான் பாக்கலைன்னு நெனைச்சுட்டான். நான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், கண்ணுல விளக்கெண்ணெயை விட்டுக்கிட்டு. புது ஆல்பம் என்னாச்சுன்னு கேட்டா ஸ்டூடியோவுல மெஷின் ரிப்பேர்ங்கறான். அப்புறம் கேட்டா கரண்ட் சரியில்லைங்கறான். அடுத்த மழைக்கு அப்புறம் பாத்துக்கலாம் யாங்கறான். என் காதுலயே பூ சுத்துறான். பாட்டையெல்லாம் சேத்து வெச்சுக்கிறாங்க, புதுக் குழு ஆரம்பிச்சதும் இறக்குறதுக்கு. இது தெரியாதா எனக்கு?

தெரியும். ஏன்னா நானே பண்ணியிருக்கேன். பெரியவர் லுவெம்பா, அப்ப நாடே அவரு காலடியில கெடந்துச்சு, நான் அவருக்குப் பின்னால நின்னு ஆமா போட்டுக்கிட்டு இருந்தவன். ஐரோப்பா டூருக்குப் பெட்டி கட்டிக்கிட்டு இருந்தாரு பெரியவர். நான் பெரிய கித்தாரையும் டிரம்ஸையும் ரெண்டு பாடகனையும் கூட்டிக்கிட்டு படகேறி ஆத்தைத் தாண்டி ப்ராஸவில் போயிட்டேன். அங்கருந்து ரேடியோவுல சொல்லித்தான் அவருக்கே தெரியும், இடிங்கற பேர்ல ஒரு புதுக் குழு பொறந்திருக்குன்னு. துரோகம்னு சொன்னாங்க. என்ன துரோகம்? மரத்தடியில மரம் வளருமா? நான் வருத்தப்படவே இல்லை, இன்னிக்கும் இல்லை. ஆனா அதுக்கப்புறம் எங்கிட்ட இருந்து ரெண்டு தடவை உடைச்சுக்கிட்டுப் போனாங்க, ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே வாசனை வரும். திடீர்னு எல்லாரும் ரொம்ப மரியாதையா இருப்பானுங்க. யா தண்ணி வேணுமா, யா உட்காருங்க. அந்த மரியாதை இப்ப வந்துடுச்சு. ரெண்டு வருஷமா வந்துருக்கு. இவ்வளவு நாள் இழுத்துக்கிட்டு இருக்கானுங்கன்னா பெருசா ஏதோ பண்ணப் போறானுங்க. சரி, பயமாத்தான் இருக்கு, யாருகிட்டச் சொல்றது? வீட்டுல சொல்லலாமா? மார்சலின்கிட்டயா? அது இன்னொரு கதை.

மார்சலின் என் பொண்டாட்டி. இந்த ஃபிளாஸ்க்கை அவதான் குடுத்தனுப்பியிருக்கா, இஞ்சி தட்டிப் போட்டு தேன் விட்ட தண்ணி. எனக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் கச்சேரின்னா இது கட்டாயம். தேன் உள்நாட்டுக் காட்டுலருந்து வர்றது, கறுப்பா, புகை வாடையோட, லேசுல கிடைக்காது. அதே தேன் பாட்டிலை நான் செலெஸ்தின் பையில பாத்தேன். மூடி மேல மார்சலின் கட்டுற அதே சிவப்புத் துணி, அதே முடிச்சு. என் பொண்டாட்டி முடிச்சு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு ராத்திரி முழுக்க நான் அவ முதுகையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன், ஒண்ணும் கேக்கலை. என்னன்னு கேக்குறது? அந்த ஒல்லிக்குச்சிக்கு நீ ஏன் தேன் குடுக்குறேன்னா? அவ பதில் சொல்லிட்டா என்ன பண்றது? சொல்லாம சிரிச்சுட்டா? இன்னொண்ணும் இருக்கு. செலெஸ்தின் குடிக்கிறதை விட்டுட்டான். சிகரெட்டை விட்டுட்டான். ஐஸ் போட்ட எதையும் தொடுறதில்லை, மழைன்னா கழுத்துல துண்டைச் சுத்திக்கிட்டு வர்றான். பீர் பாட்டிலும் கையுமா அலைஞ்ச பய. அதுவும் எப்பலருந்து? ரெண்டு வருஷமா. அவன் தொண்டையைக் காப்பாத்திக்கிறான். எதுக்கு? பின்னால நின்னு ஆமா போடுறதுக்கு எவனாவது பீரை விடுவானா? முன்னால வரப் போறவன்தான் விடுவான். ஒரு பக்கம் என் பொண்டாட்டி கையால தேன், ஒரு பக்கம் என் சவுண்டுக்காரன் ரகசியம், ஒரு பக்கம் என் டிரைவர் கண்ணாடியில வேவு. கபேயா மறுபடியும் பாக்குறான். என்னடான்னு புருவத்தைத் தூக்கினேன். இஞ்சித் தண்ணி குடிக்கலையா யாங்கறான். குடிக்கிறேன் குடிக்கிறேன், உனக்கென்ன அவ்வளவு அவசரம்?

ரெண்டாவது தடவை கூப்பிட்டுட்டான். சைரன் குரல்ல இப்ப கெஞ்சல் ஏறுது, அது அவன் தொழில் நேக்கு, ஜனத்தை ஏங்க வெக்கிறது. மயாலா, உன் பிள்ளைங்க பசியோட நிக்கிறாங்க, ரொட்டி கொண்டா, ரொட்டி கொண்டாங்கறான். ரொட்டி. அதுக்கு அர்த்தம் கூட்டத்துல பாதிப் பேருக்குத் தெரியாது. என் கூவல் இருக்கே, மாம்பான்னு ஆரம்பிச்சு மேல போயி, அங்க நின்னு, உடையப் போற மாதிரி நடுங்கி, உடையாம இறங்குமே, அதைக் கேட்டு எவளோ ஒருத்திக்காக நான் அழறேன்னுதான் ஊர்ல நெனைக்கிறாங்க. மாம்பான்னா ரொட்டி. எங்கம்மா தலையில தட்டு நிறைய நீட்டு ரொட்டி வெச்சுக்கிட்டு விடியக்காலையில தெருத் தெருவா கூவிக்கிட்டுப் போனது அது. நான் பின்னாலயே போவேன், ரொட்டியில தடவுற மார்கரின் டப்பாவைத் தூக்கிக்கிட்டு. மாடியில இருக்கவன் காதுக்கும் எட்டணும், அதனால மேல இழுப்பா. மூச்சு முட்டும், அதனால நடுங்கும். அவ்வளவுதான் ரகசியம். முதல் தடவை ஸ்டூடியோவுல பாட்டுக்கு நடுவுல சும்மா விளையாட்டா அதை விட்டேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவங்கள்லாம் எந்திரிச்சு நின்னுட்டாங்க. அந்த ஒரு இழுப்புலதான் வீடு, காரு, கோட்டு, மார்சலின், எல்லாம் வந்துச்சு. மத்ததெல்லாம் எவன் வேணா பாடலாம். பாட்டை எடுத்துக்கிட்டுப் போ, கித்தாரை எடுத்துக்கிட்டுப் போ, குழுவையே உடைச்சுக்கிட்டுப் போ. அம்மா குரலை எப்படிடா எடுத்துக்கிட்டுப் போவே? அது இருக்குற வரைக்கும் என்னை அசைக்க முடியாதுன்னு அவனுக்குத் தெரியும். அதான் தாடையைப் பாக்குறான். அதை எப்படிப் பிடிக்கிறதுன்னு பாக்குறான்.

ஆபரேஷன்லயே அது போயிருக்க வேண்டியது. பெல்ஜியத்துல பண்ணாங்க, தொண்டைக்குள்ள ஏதோ முளைச்சிருக்குன்னு. நான் மயக்கம் தெளிஞ்சு கெடந்தப்ப டாக்டர் கதவுக்கு வெளிய மார்சலின்கிட்ட ரொம்ப நேரம் பேசினாரு. அவ உள்ள வந்து, ஆறு மாசம் பேசக் கூடாது, அப்புறம் எல்லாம் சரியாயிடுமாம்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் போயி நின்னுக்கிட்டா. நான் சிலேட்டுல எழுதிக்காட்டியே ஆறு மாசம் ஓட்டினேன். திரும்ப மேடை ஏறின அன்னிக்கு, இதே மாதிரி கார்ல, இதே மைக்கை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மூணாவது கூப்பாடு வந்துச்சு. கித்தார் எடுத்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு விட்டேன், வந்துடுச்சு! முன்னைவிடச் சுத்தமா, ஸ்பீக்கர்லருந்து பொங்கிக்கிட்டு வந்துச்சு, தொண்டையில ஒரு வலி இல்லை, இழுவை இல்லை. பல்லுக்கு ஊசி போட்டா மரத்துப்போகுமே அப்படி இருந்துச்சு. டாக்டர் சுரண்டிச் சுத்தம் பண்ணிட்டாரு, அதான் லேசா இருக்குன்னு நெனைச்சேன். கச்சேரி முடிஞ்சு மார்சலின் தரையில உட்கார்ந்து ஓன்னு அழுதா. செலெஸ்தின் என் கையைப் பிடிச்சு முத்தம் குடுத்தான், அவன் சட்டையெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு, ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தான். அன்னிக்கு எனக்கு அவனைப் பிடிச்சிருந்துச்சு. வீட்டுல நான் கரகரன்னுதான் பேசுறேன், அது வேற விஷயம். நான் வீட்டுல குரலைச் செலவழிக்கிறதில்லை, ஒத்திகையிலும் பாடுறதில்லை, கையை ஆட்டுறதோட சரி. பாடகன் குரலை மேடையில மட்டும்தான் அவுக்கணும்.

முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கோட செலெஸ்தின் கணக்கு தீர்ந்துச்சு. கூப்பிட்டுத் திட்டுறதெல்லாம் எங்ககிட்ட கிடையாது. முதல் பாட்டு முடியுற எடத்துல கித்தார் வேகமெடுக்கும், ஜனம் இடுப்பை ஆட்ட ஆரம்பிக்கும், அப்ப தலைவன் ஒவ்வொருத்தன் பேரையும் சொல்லுவான். டிரம்ஸ்ல இன்னார், கித்தார்ல இன்னார். ஒருத்தன் பேரைச் சொல்லாம அடுத்தவனுக்குத் தாவிட்டா முடிஞ்சது. ஊருக்கே புரிஞ்சிடும். அவன் அந்தப் பாட்டு முடியற வரைக்கும் பாடிட்டு, மைக்கைக் கீழ வெச்சுட்டு, யாரையும் பாக்காம இறங்கிப் போயிடணும், மறுநாள் ஒத்திகைக்கு வரக் கூடாது. லுவெம்பா எத்தனை பேரை அப்படி அனுப்பியிருக்காரு. நான் ரெண்டு பேரை அனுப்பியிருக்கேன். இன்னிக்கு மூணாவது ஆளு. அவன் பேர் வர்ற எடத்துல ஒரு மூச்சு விட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிடுவேன். அப்ப அவன் மூஞ்சி எப்படி இருக்கும்? மேடையில நான் பின்னால திரும்புறதே இல்லை, தலைவன் முதுகைத் திருப்பினா ஜனத்துக்கு அவமானம். ஆனா இன்னிக்கு ஒரே ஒரு தடவை திரும்பிப் பாக்கலாம், பாத்தே ஆகணும். அதுக்கு முன்னாடி இந்தச் சோதனை. நான் போகலைன்னா யார் கையை உயர்த்துறான், யார் யாருக்குக் கண்ணைக் காட்டுறான், ரொமேன் எந்தப் பொத்தானைத் தள்ளுறான், எல்லாம் இங்கருந்தே காதுல தெரிஞ்சிடும். என் குழுவை எனக்குக் காதாலயே தெரியும்.

இதோ மூணாவது. மயாலாஆஆன்னு சைரன் இழுக்குறான், டிரம்ஸ் ஒரு தட்டு, பெரிய கித்தார் எடுத்துடுச்சு. கை தானா மைக்கைத் தேடுது. வேண்டாம். கபேயா இறங்கிக் கதவைத் திறக்க வந்தான், நான் உள்பக்கம் பூட்டைப் போட்டுட்டேன். அவன் ஒண்ணும் புரியாம கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிறான். கித்தார் ஒரு சுத்து சுத்தி, என் எடத்துக்கு வருது. இப்ப நான் இல்லாம ஓட்டை விழணும். இப்ப சைரன் திணறணும். இப்ப பாரு. நான் வாயை இறுக்கி மூடிக்கிட்டேன், மைக்கு மடியில அணைஞ்சு கெடக்கு. அப்ப சுவருக்கு மேல, ஸ்பீக்கர் வழியா, ஜெனரேட்டர் சத்தத்தையெல்லாம் அமுக்கிக்கிட்டு, மாம்பான்னு நான் கூவுறேன். நான்தான். நான் கார்ல உட்கார்ந்திருக்கேன். மேல போகுது, நிக்குது, நடுங்குது, உடையாம இறங்குது. ஜனம் ஓன்னு எந்திரிக்குது.

பழைய டேப்பைப் போட்டுட்டானுங்க, அதான் முதல்ல தோணுச்சு. ரொமேன் பதிவு பண்ணி வெச்சிருப்பான், திருட்டுப் பய. ஆனா டேப்புன்னா எப்பவும் ஒரே மாதிரில்ல இருக்கும்? இது இன்னிக்குக் கித்தார்க்காரன் கொஞ்சம் தாமதிச்சதுக்குத் தக்கபடி நின்னு இறங்குச்சு. உசிரோட ஒருத்தன் பாடுறான். கபேயா என்னைப் பாத்தான். கேட்டு ஆச்சரியப்பட்ட மூஞ்சி இல்லை அது, மாட்டிக்கிட்ட மூஞ்சி. என் மூடின வாயைப் பாத்தான், மடியில கெடக்குற மைக்கைப் பாத்தான், அப்புறம் அந்த மனுஷன் ஓடிப்போய் டிரைவர் கதவைத் திறந்து, உள்ள கையை விட்டு, ஹாரனை அமுக்குனான். விடாம அமுக்குனான். அந்தக் குரல் மறுபடியும் வந்தா என் காதுல விழக் கூடாதுன்னு. கபேயா, போதும்டான்னேன். கையை எடுத்தான். அவன் கண்ணுல தண்ணி நிக்குது. எவ்வளவு நாளான்னு கேட்டேன். அவன் தரையைப் பாத்துக்கிட்டே சொன்னான், "திரும்ப மேடை ஏறுனீங்களே, அன்னிலருந்து, யா." நான் கண்ணாடியை இன்னும் இறுக்கி ஏத்திட்டு, ரெண்டு கையாலயும் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, மாம்பான்னு விட்டுப் பாத்தேன். முதல் பாதி வந்துச்சு, கரகரன்னு. மேல போற எடத்துல வெறுங்காத்து. டயர்ல காத்துப் போற மாதிரி ஒரு சத்தம். மறுபடியும் விட்டேன். அதே காத்து. கழுத்து நரம்பெல்லாம் புடைச்சு, கோட்டுக்குள்ள வேர்த்து ஊத்தி, மறுபடியும். ஒண்ணுமில்லை அங்க. அம்மா இல்லை அங்க.

அப்ப அந்தத் தேன். அது யாருக்குத் தேவையோ அவனுக்குத்தான் போயிருக்கு. எனக்குக் குடுத்தனுப்புனது எனக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு. ஸ்டூடியோ மெஷின் ரிப்பேரே ஆகலை, ஸ்டூடியோவுல ஹெட்போனை மாட்டி என் குரலை எனக்கே தனியாக் கேக்க விட்டா என்னாகும்னு பயந்திருக்கான் ரொமேன். என் மைக்கை மேல போற எடத்துலெல்லாம் அமுக்கிட்டு செலெஸ்தினோடதைத் தூக்கி விட்டிருக்கான். ஒத்திகையில கப்புனு நின்ன பேச்சு அதான். மரியாதை அதான். எனக்கு இருமல் வந்தா எழவு வீட்டுல பாக்குற மாதிரி பாத்தானுங்களே, அதான். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு! என் வீட்டுல, என் கார்ல, என் மேடையில, எனக்கு மட்டும் தெரியாம ஒரு கூட்டுச் சதி நடந்திருக்கு, நான் மோப்பம் பிடிச்சது தப்பே இல்லை, சதிதான். யாரைக் கேட்டுடா எனக்குப் பாவம் பாத்தீங்க? அந்தக் கூட்டத்துக்கும் தெரியுமோ? நாற்காலி மேல ஏறுறவளுங்களுக்கும் தெரியுமோ, தெரிஞ்சே கை தட்டுறாளுங்களோ? இல்ல, இது அன்பு கூட இல்லை, பொழப்பு. நான் விழுந்தா எல்லார் சோறும் விழும், அதுக்காகத் தாங்கிப் பிடிச்சிருக்காங்க. அப்படித்தான் இருக்கணும். ஆனா செலெஸ்தினுக்கு என்ன பொழப்பு? அந்தக் குரல் இருக்குறவன் நாளைக்கே தனிக்கடை போடலாம். இல்ல, ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தாப் போதும், அன்னிக்கே நான் ஊர் சிரிக்கப் போயிருப்பேன், அவன் முன்னால வந்திருப்பான். அவன் ஏன் பண்ணலை? நான் பண்ணியிருப்பேன். அது எனக்கு அப்பட்டமாத் தெரியுது, நான் பண்ணியிருப்பேன். அதனாலதான் நம்ப முடியலை. இன்னும் ஏதோ இருக்கு, இல்லாம இருக்காது. கபேயா கதவைத் தட்டுறான். போகலையா யாங்கறான், அழுகுரல்ல. உள்ள கித்தார் எனக்காக அதே சுத்தைச் சுத்திக்கிட்டே இருக்கு, குரல் வந்துடுச்சு ஆளைக் காணோமேன்னு. நான் பூட்டை எடுத்தேன்.

கேட்டைத் தாண்டினதும் புகை, ஆட்டுக்கறி வாடை, பீர் வாடை, கையெல்லாம் நீண்டு வந்து கோட்டைத் தொடுது. யாரையும் நேராப் பாக்க முடியலை. மேடை ஏறுறப்ப சைரன் என்னைக் கட்டிப் பிடிச்சான், அவன் நெஞ்சு அடிச்சுக்கிறது எனக்குத் தெரிஞ்சுது. இடது பக்கம் அரையடி பின்னால அவன் நிக்கிறான். நான் திரும்பலை. கீழ் ஸ்தாயியில இருக்குற அடிகளை நானே பாடினேன், கரகரப்பா, அது என்னோடதுதான், இப்ப வித்தியாசம் தெரியுது. மேல போற எடம் வருது. இருடா, இப்ப உன்னை ஜனத்துக்கு முன்னாடி பிடிக்கிறேன்னு நெனைச்சேன். நான் வாயை மூடிக்கிட்டு நிக்கப் போறேன், குரல் மட்டும் பாடிக்கிட்டே இருக்கும், எல்லாரும் பாக்கட்டும், என் மானம் போனா உன் மானமும் போகட்டும். வாயைத் திறந்தேன். மாம்பான்னு வந்துச்சு, ஏறுச்சு, உச்சிக்குப் போயி நின்னுச்சு. பட்டுனு வாயை மூடினேன். குரல் நின்னுடுச்சு. கத்தியால வெட்டின மாதிரி அதே கணத்துல. கூட்டம் திகைச்சு நிக்குது, கித்தார் மட்டும் ஓடுது, சைரன் அவசர அவசரமா யார் யார் பேரையோ கத்தி மூடி மறைக்கப் பாக்குறான். நான் மறுபடியும் திறந்தேன். வந்துச்சு. பாதியில மூடினேன். நின்னுச்சு. ஜனம் என்னமோ நான் புதுசா ஒரு வித்தை காட்டுறேன்னு நெனைச்சு விசிலடிக்குது. நான் திறந்தேன், வந்துச்சு, இந்தத் தடவை மூட மனசு வரலை, அது தானா நடுங்கி இறங்குற வரைக்கும் வாயைத் திறந்துக்கிட்டே நின்னேன். ரெண்டு வருஷமா ஒருத்தன் கண்ணைச் சிமிட்டாம என் தாடையைப் பாத்துக்கிட்டு நின்னிருக்கான். கறிக்கடைக்காரன்னு நெனைச்சேன்.

கித்தார் வேகமெடுத்துடுச்சு, இடுப்பெல்லாம் ஆட ஆரம்பிச்சிடுச்சு, பேர் சொல்ற நேரம். டிரம்ஸைச் சொன்னேன். பெரிய கித்தாரைச் சொன்னேன், சின்னக் கித்தாரைச் சொன்னேன். சைரனைச் சொன்னேன். ரொமேனைக் கூடச் சொன்னேன், சவுண்டுக்காரன் பேரை எவனும் மேடையில சொல்றதில்லை, அவன் அங்க பொத்தான்களுக்குப் பின்னால தலையைக் குனிஞ்சுக்கிட்டான். இன்னும் ஒரு பேர்தான் பாக்கி. சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்த பேரு. கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன், எனக்குத் தெரிஞ்சு வாழ்க்கையில முதல் தடவை. அவன் கழுத்துத் துண்டு நனைஞ்சு தொங்குது, மூஞ்சி வெளுத்திருக்கு, எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்கும் தெரிஞ்சிருக்கு. அப்பவும் அவன் கண்ணு என் கண்ணுக்கு வரலை. வாய் மேலயே நிக்குது. நான் மைக்கை எடுத்து, அவன் பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவனும் திறந்தான்.